முடிச்சும் முறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி, சவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் இடையறாது கூடிப் படிப்பதும், படித்ததைப் பகிர்வதும், பகிர்ந்ததில் மாறுபட்டு மீண்டும் கூடுவதும் எளிய செயல்கள் அல்ல. இத்தகைய நிறைவு நாளுக்குரிய உரை என்றால், சங்கப் பாட்டு ஒன்றையோ பாரதியின் கவிதைக் கொள்கையையோ பற்றியதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இவ்வுரைக்குப் பொருளாக அமைவதோ ஒரு திரைப்படம்; அதுவும் ஆட்கடத்தல் பற்றிய நகைச்சுவைப் படம். ஆயினும் உரை போய்ச் சேருமிடம் சிலம்பும் பாரதியுமே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நேற்றிரவு இங்கே வட்டத்தார் ஒருங்கே அமர்ந்து, 2013ஆம் ஆண்டு மே 1 அன்று வெளிவந்த நலன் குமரசாமியின் ‘சூது கவ்வும்’ படத்தைப் பார்த்தனர். படம் முடிந்ததும் இரண்டு வினாக்கள் எழுந்தன. ‘யார் யாரைக் கடத்தினார்கள், பணம் கடைசியில் யாரிடம் போயிற்று என்று கோவையாகச் சொல்ல இயலுமா?’ என்பது ஒன்று. ‘இத்தனை நேரம் சிரித்தது யாருடைய வெற்றிக்காக?’ என்பது மற்றொன்று. முதல் வினா கதைக்கட்டைப் பற்றியது. இரண்டாவது அறத்தைப் பற்றியது. இவை இரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பதே இவ்வுரை நிறுவ முயல்வது.

அவிழும் முடிச்சு

துப்பறியும் கதைக்கு ஓர் உடன்படிக்கை உண்டு. முதலில் ஒரு குற்றம் நிகழும், அதைச் சுற்றி முடிச்சு விழும், கூர்மதியாளன் ஒருவன் வருவான், முடிச்சு அவிழும். அவிழ்ந்த கணத்தில் உலகம் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிட்டதாக வாசகன் நிம்மதி கொள்வான். ‘உண்மை தெரிந்தால் போதும், முறை தானே நிலைபெறும்’ என்பது அந்த உடன்படிக்கையில் எழுதப்படாத விதி. முறை என்னும் சொல்லை இங்கே பழந்தமிழ்ப் பொருளில் கொள்ளவேண்டும்: முறை செய்து காப்பாற்றும் மன்னவன் என்கிறபோது வள்ளுவர் கருதிய நீதி அது.

தமிழில் இவ்வகைக் கதை வேரூன்றிய வரலாற்றில் அமிர்திக்கு அண்மையிலுள்ள ஆரணிக்கும் பங்குண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925) மேனாட்டுத் துப்பறியும் கதைகளைத் தழுவித் தமிழில் ஏராளமாக எழுதினார். அவரையடுத்து வடுவூர் துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார், 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வாயிலாகத் திரைக்கும் வந்தார், எம். என். நம்பியார் அதில் பல வேடங்கள் புனைந்து நடித்தார். அக்கதைகளில் வேடம் எத்தனையாயினும் இறுதியில் முகம் ஒன்றே. முகமூடி கழன்றதும் தீயவன் தண்டனை பெறுவான், நல்லோர் கூடுவர்.

இந்த உடன்படிக்கையைத் தமிழில் முதன்முதலாக நகையாடி அசைத்துப் பார்த்தவர் தேவன் எனலாம். ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’வின் நாயகன் மந்தமதியால் வங்கி வேலையை இழந்தவன். துப்பறிவது எப்படியென்று அவன் அறியான். தவறான இடத்தில் தடுக்கி விழுவான். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். ஊர் அவனை மேதை என்று கொண்டாடும். இங்கே முடிச்சு அவிழ்கிறது. ஆனால் அவிழ்த்தது அறிவு அன்று, தற்செயல். கூர்மதியே உலகைக் காக்கிறது என்ற நம்பிக்கையைத் தேவன் மெல்லச் சிரித்தே கழற்றி வைத்தார். எனினும் அவர் கதைகளில் திருடன் பிடிபட்டே தீருவான். அறிவைக் கைவிட்டாரே அன்றி, முறையை அவர் கைவிடவில்லை.

1954இல் ஏவி.எம். தயாரிப்பில், வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் வந்த ‘அந்த நாள்’ இன்னொரு திசையில் அடியெடுத்து வைத்தது. பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய பின்னணியில், வானொலிப் பொறியாளன் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அண்டை வீட்டுச் சின்னையாப் பிள்ளை, கொலையுண்டவனின் தம்பியை ஐயுறுகிறார். தம்பி தன் மனைவியையே ஐயுறுகிறான். அவள் ஒரு நாட்டியக்காரியைச் சுட்டுகிறாள். நாட்டியக்காரி சின்னையாப் பிள்ளையைச் சுட்டுகிறாள். ஐயம் ஒரு வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. வட்டத்துக்கு வெளியே நின்ற மனைவி உஷாவிடமே உண்மை இருக்கிறது: கணவன் பகைநாட்டுக்கு உளவு சொன்னவன் என்பதும், அவனைத் தடுக்க முயன்றபோது அவள் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைக் குடித்தது என்பதும். முடிச்சு அழகாக அவிழ்கிறது. ஆனால் பார்ப்போர் நெஞ்சில் நிம்மதி இல்லை. உண்மை வெளிப்பட்டது, அதனால் மகிழ்ந்தவர் ஒருவரும் இல்லை. அறிவதும் ஆறுதல் பெறுவதும் வேறு வேறு என்பதைத் தமிழ்த் திரை அறிந்த நாள் அந்த நாள்.

அவிழாத முடிச்சு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல், அமெரிக்கக் குற்றப் படங்களை மொத்தமாகப் பார்க்க நேர்ந்த பிரெஞ்சு விமரிசகர்கள் அவற்றுக்கு ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயரிட்டனர். நுவார் என்றால் கறுப்பு. இருளும் நிழலும் மிகுந்த ஒளிப்பதிவு அப்படங்களின் புற அடையாளம். அக அடையாளம் வேறு: அவற்றில் துப்பறிவோன் ஊழலுக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பதில்லை, அவனும் அதே சேற்றில் நடக்கிறான்.

அவ்வாண்டே வெளியான ‘தி பிக் ஸ்லீப்’ படத்தைப் பற்றி ஒரு செய்தி புகழ்பெற்றது. ரேமண்ட் சாண்ட்லர் 1939இல் எழுதிய நாவலை ஹோவர்ட் ஹாக்ஸ் படமாக்கினார். கதையில் வரும் காரோட்டி ஒருவனைக் கொன்றது யார் என்ற ஐயம் படப்பிடிப்பின்போது எழுந்தது. நாவலாசிரியரிடமே கேட்டனர், தனக்கும் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். படம் அந்த முடிச்சை அவிழ்க்காமலே வெளிவந்தது, இன்றளவும் பாராட்டப்படுகிறது. காட்சிக்குக் காட்சி மனிதர்களின் பேச்சும் பேராசையும் அச்சமும் உயிரோடிருந்தமையால், ஒரு கணக்கு சரிவராதது பார்ப்போருக்குக் குறையாகத் தோன்றவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின் கோயன் சகோதரர்கள் சாண்ட்லர் பாணிக் கதைக்கட்டை எடுத்து, அதன் நடுவே ஒரு சோம்பேறியை நிறுத்தினர். 1998இல் வந்த ‘தி பிக் லெபோவ்ஸ்கி’ அது. பெயர்க் குழப்பத்தால் ஒருவன் வீட்டுக் கம்பளம் பாழாகிறது. அதற்கு ஈடு கேட்கப் போனவன், கோடீசுவரன் ஒருவனின் மனைவி கடத்தப்பட்டாள் என்னும் வலையில் சிக்குகிறான். கடத்தல் உண்மையில்லை, மீட்புப் பணம் என்று கொடுத்த பெட்டியில் பணமில்லை, சாட்சியாக வந்த வெட்டுண்ட கால்விரல் அவளுடையதில்லை. ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தால் உள்ளே வெறுமையே இருக்கிறது. இத்தனை அமளியிலும் உண்மையாக இறப்பவன், வழக்கோடு தொடர்பே இல்லாத ஓர் அப்பாவி நண்பன். அவன் அச்சத்தால் மாரடைத்து இறக்கிறான். சிரித்துக்கொண்டே வந்த பார்வையாளன் அவ்விடத்தில் சற்றுத் தடுமாறுகிறான்.

சாம்புவுக்கும் இந்தச் சோம்பேறிக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. சாம்பு ஒன்றும் அறியாமலே வெல்கிறான். இவன் எல்லாவற்றையும் ஒருவாறு அறிந்துகொள்கிறான். ஆயினும் எதையும் மீட்பதில்லை, கம்பளத்தைக்கூட.

சூது கவ்வும் காட்டும் உலகம்

தமிழில் இந்த மரபுக்கு மிக அணுக்கமான படம் ‘சூது கவ்வும்’. அதில் தொழில்முறைத் துப்பறிவாளன் இல்லை. குற்றத்தின் பின்னால் ஓடும் காவல் அதிகாரி ஒருவரும், குற்றத்தைத் தொழிலாகக் கொண்ட தாஸும் இருக்கின்றனர். சென்னையில் வேலையின்றி இருந்த இளைஞர் மூவர், கேசவன், சேகர், பகலவன், தாஸிடம் வந்து சேர்கின்றனர். விஜய் சேதுபதி நடித்த தாஸ் நடுவயதை எட்டியவன். சிறு தொகைக்குச் சிறு கடத்தல் செய்பவன். அவனுடன் எப்போதும் ஷாலு என்னும் பெண் இருக்கிறாள். அவள் அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற கற்பனை. கூட்டாளிகள் முதலில் திகைத்து, பிறகு பழகி, அவளுக்கும் வண்டியில் இடம் விட்டு உட்காருகின்றனர்.

தாஸுக்குத் தொழில் விதிகள் ஐந்து உண்டு. அதிகாரத்தில் இருப்பவரைத் தொடலாகாது, கொடுக்க முடிந்த தொகையையே கேட்கவேண்டும் என்பன போன்றவை. கள்வன் ஒருவன் களவுக்கு இலக்கணம் வகுப்பது கேட்போரைச் சிரிக்க வைக்கிறது. இலக்கியம் அறிந்தோர்க்கு அச்சிரிப்பினிடையே ஒரு பழைய நினைவும் வரவேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

விதி மீறப்படுகிறது. அமைச்சர் ஞானோதயம் கைக்கூலி வாங்காதவர். கைக்கூலி கொடுக்க வந்தவனைப் பிடித்துக் கொடுத்தவர். அதற்குப் பழிவாங்க நினைக்கும் ஒருவன், அமைச்சரின் மகன் அருமைப்பிரகாசத்தைக் கடத்தச் சொல்கிறான். தாஸ் கூட்டம் அவனைத் தேடிப் போனால், அவனோ தந்தையிடம் பணம் பறிக்கத் தன்னைத்தானே கடத்தவைத்துக்கொண்டிருக்கிறான். கடத்தப்பட்டவனைக் கடத்துகிறார்கள், கடத்தப்பட்டவனே கடத்தியவர்களோடு பங்கு பேசுகிறான். பணம் கை மாறுகிறது, வண்டி விபத்துக்குள்ளாகிறது, பணத்தோடு மகன் மறைகிறான். இவர்களைப் பிடிக்க அமர்த்தப்படும் காவல் அதிகாரி பிரம்மா வாய் திறந்து பேசுவதே இல்லை. அவருடைய விசாரணை அடி ஒன்றே. நால்வரையும் சட்டத்துக்குப் புறம்பாகச் சுட்டுத் தீர்க்கப் போன இடத்தில் அவருடைய துப்பாக்கியே அவர் உடம்பில் பாய்கிறது.

முடிவில் அருமைப்பிரகாசம் தன்னைக் கடத்தியோர் இவர்களல்லர் என்று வழக்கு மன்றத்தில் சொல்கிறான். நால்வரும் விடுதலையாகின்றனர். கட்சித் தலைமைக்கோ மகனின் சூழ்ச்சித் திறம் ஒரு தகுதியாகத் தென்படுகிறது. நேர்மையான தந்தை ஓரம் கட்டப்படுகிறார். மகன் அரசியலில் ஏற்றம் பெறுகிறான்.

பாத்திரங்களின் பெயர்களைக் கவிஞர்கள் சற்றே உற்றுநோக்க வேண்டும். ஞானோதயம் என்பவருக்குத் தம் வீட்டில் நடப்பது கடைசிவரை உதிப்பதில்லை. பகலவன் ஒளிந்து வாழ்கிறான். படைப்புக் கடவுளின் பெயர் கொண்டவர் அழிக்கவே வருகிறார். பழைய நாடக மேடையின் குணப்பெயர் மரபைத் தலைகீழாக்கிய அங்கதம் இது.

சிரிப்பு யார்மேல்?

படத்தில் அதிகம் நகைப்புக்கு ஆளாவோர் யார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கடத்துவோர் அல்லர், சூழ்ச்சிக்கார மகனும் அல்லன். கைநீட்டாத அமைச்சரே அவர். வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பில்லை. கட்சியில் அவர் ஒரு சுமை. எம். எஸ். பாஸ்கர் அப்பாத்திரத்தைக் கேலிச் சித்திரமாக்காமல், தன் நேர்மைக்காகக் கூனிக் குறுகும் மனிதராக நடித்திருப்பதால் சிரிப்பு பாதியில் நின்றுபோகிறது. ஒரு சமுதாயம் எதைக் கண்டு சிரிக்கிறது என்பது அது எதை நம்புவதை நிறுத்திவிட்டது என்பதன் அடையாளம். நேர்மையைக் கண்டு அரங்கம் சிரிக்கிறதென்றால், குற்றம் திரையில் மட்டும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது நேரிது. ‘இத்தகைய படங்கள் குற்றத்தைக் கவர்ச்சியாக்குகின்றன, தண்டனை இல்லாத முடிவு இளைஞரைக் கெடுக்கும்’ என்பது அது. மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் தண்டனையோடு முடிந்த நூற்றுக்கணக்கான படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகளே இன்றுள்ள பொதுவாழ்வையும் சமைத்தன என்பதை மறக்கலாகாது. கடைசிச் சுருளில் வரும் கைவிலங்கு, பார்ப்போரின் மனச்சான்றைத் தூங்கவைத்து வீட்டுக்கு அனுப்பவும் வல்லது. தீர்ப்புச் சொல்லாத படம் அந்த உறக்கத்தைத் தருவதில்லை.

மறுப்பைவிடக் கடுமையான குறை வேறொன்று உண்டு. அதைச் சொல்வதே நேர்மை. இப்படத்தில் கண்ணீர் சிந்தப்படும் மரணம் கற்பனைப் பெண்ணான ஷாலுவுடையது. தாஸ் அவளுக்காக உண்மையாகவே அழுகிறான். இல்லாதவள் இறந்ததால் பார்ப்போர் குற்றவுணர்வின்றிச் சிரிக்கலாம். நகைச்சுவைக்கு இந்தச் சலுகை தேவைப்படுகிறது: பிணங்களைத் திரைக்கு வெளியே வைத்துவிடவேண்டும். அவ்வாறு வெளியே வைக்கப்பட்டவை எங்கே போகின்றன?

பொற்கொல்லன் வகுத்த இலக்கணம்

தமிழின் முதற் குற்ற விசாரணை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் அழைத்து வந்த காவலர் கோவலனைப் பார்த்துத் தயங்குகின்றனர். இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்கின்றனர். உடனே பொற்கொல்லன் உள்ளுக்குள் நகைத்து, களவு நூலின் இலக்கணத்தை எடுத்து ஓதுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் கள்வர்க்கு உண்டு என்று ஒவ்வொன்றையும் விளக்குகிறான். உண்மைத் திருடனே களவைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். சட்டத்தின் காவலர் மாணவராக நின்று கேட்கின்றனர். தாஸின் ஐந்து விதிகளைக் கேட்டுச் சிரித்தோர், அந்த எட்டையும் ஒருமுறை நினைக்கவேண்டும். இளங்கோவடிகள் அந்த இடத்தில் வைத்த நகை இருண்ட நகை. பாடம் கேட்டு நின்றோருள் கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

அரசன் விசாரித்தானா? ஊடிய தேவியைத் தேற்றும் விரைவில் இருந்தான். ஒரு சொல் சொன்னான், நடந்துவிட்டது. பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி வருகிறாள். அரசி சிலம்பின் பரல் முத்து. தன் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள். சான்று இதைவிடத் தெளிவாக அமையாது. முடிச்சு ஒரு நொடியில் அவிழ்கிறது. ஆனால் அவிழும்போது கோவலன் இறந்து கிடக்கிறான், அரசனும் தேவியும் இறக்கின்றனர், நகர் எரிகிறது. அந்தப் பொற்கொல்லன் பிடிபட்டான், விசாரிக்கப்பட்டான் என்றொரு காட்சி காப்பியத்தில் இல்லை. பின்னர், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றம். அவனைத் தனித்துத் தேடி எடுக்காமல் ஆயிரவர் மேல் விழுந்த வாள். உண்மை வெளிப்பட்டாலும் முறை தவறக்கூடும் என்பதை இதைவிட அஞ்சத்தக்க வகையில் எந்த நுவார் படமும் சொன்னதில்லை.

இம்மலையின் வழக்கு

இந்தச் சிந்தனை அமிர்தியில் வைத்துச் சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. சவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. வெட்டியோரும் கடத்தியோருமாகச் சேர்ந்து சந்தனத்தை அருகச் செய்தனர். பின்னர் இம்மலையிலும் இதன் அடிவாரத்திலும் வாழ்வோரின் கோடரித் திறனைத் தேடி வேறொரு வாணிபம் வந்தது: ஆந்திரத்துச் சேசாசலக் காட்டின் செம்மரம். தரகர் வருவார், முன்பணம் தருவார், வண்டி ஏற்றுவார். மரம் யாருக்கு, எந்தத் துறைமுகத்துக்கு, எந்த நாட்டுக்கு என்பது வெட்டுவோனுக்குத் தெரியாது. கதையின் முழு வடிவை அறியாமல் அதில் ஒரு காட்சியில் மட்டும் வந்து போகும் பாத்திரம் அவன்.

2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துத் தொழிலாளர். சவ்வாது மலையைச் சார்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்றது காவல் துறை. இறந்தோரில் சிலர் முன்னாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டோர் என்று உடன் சென்று தப்பியோர் கூறினர். தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது; சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அமைக்கப்பட்டது. எனினும் அந்த மரத்தை விலைக்கு வாங்கக் காத்திருந்த மேல்தட்டு மனிதர் யார் என்னும் வினா, இறந்தோரின் வீட்டுத் திண்ணைகளை எட்டும் விடையைப் பெறவில்லை. செம்மரக் கடத்தலை வீரக் கதையாக்கிய ‘புஷ்பா’ 2021இல் வந்து நாடெங்கும் ஓடியது. அதில் தரகனாய் உயர்பவனே நாயகன். கோடரி பிடித்தவன் அங்கும் கூட்டத்தில் ஒருவனே.

‘சூது கவ்வும்’ படத்தில் சட்டத்துக்குப் புறம்பான துப்பாக்கி தன்னைப் பிடித்தவனையே சுடுகிறது, அரங்கம் கைதட்டுகிறது. காட்டில் துப்பாக்கி அவ்வாறு திரும்புவதில்லை. படத்தின் நகைச்சுவை பொய் என்று இதனால் சொல்லவில்லை. அச்சிரிப்பின் விலை எங்கே கட்டப்படுகிறது என்பதை இம்மலையடிவாரத்தில் அமர்ந்து பார்த்தோர் மறவாதிருத்தல் வேண்டும். இவ்வகைப் படத்தைப் பார்க்கும்போது ‘செய்தது யார்?’ என்ற வினாவோடு நின்றுவிடாமல், ‘விலை கொடுப்பவர் யார்?’ என்ற வினாவையும் கையில் வைத்துக்கொண்டால், சிக்கலான கதைக்கட்டும் வழிதெரியும் காடாகிவிடும். பணம் எத்தனை கை மாறினாலும் இழப்பு ஒரே திசையில்தான் இறங்குகிறது.

கவிஞர்க்கு

இங்கே கூடியிருப்போரில் பலர் கவிதை எழுதுவோர். ‘புரியவில்லை’ என்ற குற்றச்சாட்டைக் கேட்டுப் பழகியோர். அவர்களுக்கு இந்தப் படங்களில் ஒரு பாடம் உண்டு. முடிச்சுகள் இருவகை. ஒன்று, எழுதுவோன் தன் வெறுமையை மறைக்கக் கட்டுவது; அவிழ்த்தால் ஒன்றுமிராது. மற்றொன்று, வாழ்க்கையிலேயே விழுந்து கிடப்பது. எழுதுவோன் அதை உள்ளபடி எடுத்து வைக்கிறான். சாண்ட்லரின் காரோட்டி அவிழாமல் போனாலும் அவனைச் சுற்றிய உலகம் பொய்க்கவில்லை. வெறும் புதிருக்காகப் புதிர் கட்டும் படமோ, விடை தெரிந்த மறுகணம் செத்துவிடுகிறது. இரண்டாம் முறை பார்க்க அதில் ஏதும் எஞ்சாது. ஒரு கவிதையைப் பற்றியும் இவ்வளவே கேட்கத்தக்கது: இதன் இருண்மை பொருளிலிருந்து வந்ததா, எழுதியவனின் அச்சத்திலிருந்து வந்ததா?

இன்னொன்று, படத்தின் தலைப்பைப் பற்றியது. அது பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்திலிருந்து எடுத்த இரு சொற்கள். தருமனின் கையை எரிப்பதற்கு எரிதழல் கேட்டுக் கொதிக்கும் வீமனை அருச்சுனன் அமைதிப்படுத்தும் இடம் அது. சூது அறத்தைப் பற்றிக்கொள்ளும் என்பது அவன் சொல்லின் முற்பகுதி. அறம் மீண்டும் வெல்லும் என்பது பிற்பகுதி. படம் முற்பகுதியோடு நின்றுவிட்டது. நலன் குமரசாமி பிற்பகுதியை மறந்தார் என்று கொள்வதற்கில்லை. தமிழ் படித்த எவருக்கும் அது தெரியும் என்பதை அறிந்தே சொல்லாமல் விட்டார் என்று கொள்வதே பொருந்தும். திரையில் வராத அச்சொற்களைப் பார்ப்போர் தத்தம் மனத்தில் சொல்லிப் பார்க்க நேர்கிறது. சொல்லும்போது நா தயங்கவும் நேர்கிறது. அந்தத் தயக்கமே இப்படம் தரும் அனுபவம்.

அருச்சுனன் அதைக் கூறிய நேரத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். வெற்றிக்குப் பின் கூறியதன்று. அவை நடுவே எல்லாம் தோற்று, பாஞ்சாலி நின்றுகொண்டிருக்கும் நேரம். வில் கையில் உண்டு. ஆனால் எடுக்கும் காலம் இன்னும் வரவில்லை. அத்தகைய நேரத்தில் கூறியதாலேயே அது வெறும் நீதிமொழியாகாமல், காத்திருப்போரின் உறுதிமொழியாகிறது. பாரதி அதை எழுதியபோது நாடும் அத்தகைய நேரத்தில்தான் இருந்தது. முதற்பாகம் வெளிவந்தது 1912இல்.

ஆகவே, வட்டத்தார் இனிவரும் கூட்டங்களில் நூல்களோடு இத்தகைய படங்களையும் எடுத்துப் பேசுவது நன்று. பேசும்போது கதையைச் சுருக்கிச் சொல்லும் போட்டியில் காலம் கழிக்கவேண்டா. சிரித்த இடங்களைக் குறித்துக்கொள்க. அங்கே யார் விழுந்தார், யார் எழுந்தார், யார் காட்டப்படவே இல்லை என்று கேட்க. சிலம்பின் காவலர் தயங்கி நின்றது ஒரு கணம். அந்தக் கணத்தில் அவர்கள் இன்னும் இரண்டு வினாக்கள் கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது. வினா கேட்கும் பழக்கத்தைப் பத்தாண்டுகளாக வளர்த்துவரும் இவ்வட்டம், அதை மேலும் பல்லாண்டு வளர்க்க வாழ்த்தி, இவ்வுரை நிறைவுறுகிறது.